அப்பா அறைச் சுவர்

அன்புள்ள சின்னவனுக்கு,

அம்மா எழுதிக்கொண்டது. நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, தூங்கி, வேலைக்குப் போய்வந்துகொண்டிருப்பாய் என்று நினைக்கிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று போன மாதம் எழுதியிருந்தால் அது பாதிப் பொய்யாகியிருக்கும், அதனால்தான் எழுதவில்லை. அக்காவுக்குப் பல்வலி விட்டது, அத்தானுக்கு வேலை நேரத்தை மாற்றிவிட்டார்கள், அவர்கள் குட்டி இன்னும் செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போகிறாள்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததில் கைகால் பரவாயில்லை, பேச்சுதான் குழறுகிறது என்று உனக்குத் தெரியும். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண்மணி, தினமும் வாய்விட்டுச் சத்தமாகச் சொல்லிப் பழக வேண்டும், இந்த முதல் சில மாதங்களை விட்டுவிட்டால் பிறகு கஷ்டம் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அப்பாவும் தன் அறையில் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து தக்காளி, தராசு, மூட்டை என்று சந்தை வார்த்தைகளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அறைக்கும் அக்கா அறைக்கும் நடுவில் இருப்பது, ஹாலை இரண்டாக்கத் தடுத்தோமே, அந்த மெல்லிய சுவர்தான், அங்கே கொட்டாவி விட்டால் இங்கே கேட்கும். ஒரு நாள் குட்டி பொம்மையை எதிரே உட்காரவைத்து, தாத்தா தக்காளி சொல்வதைப் போலவே இழுத்து இழுத்துச் சொல்லிக் காட்டி விழுந்து விழுந்து சிரித்தாள். அது அப்பா காதில் விழுந்துவிட்டது. அக்கா அடிக்கக் கை ஓங்கினாள், அப்பாதான் வந்து தடுத்தார். குழந்தைமேல் அவருக்கு ஒன்றுமில்லை, ஆனால் அன்றோடு வாயைப் பூட்டிக்கொண்டார். சந்தை முழுக்கக் கேட்க ஏலம் கூவிய மனிதர், தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரைத் தட்ட ஆரம்பித்தார்.

கெஞ்சிப் பார்த்தோம், நடக்கவில்லை. சுவரைத் தடிமனாக்கிவிடலாம் என்று அத்தான்தான் சொன்னார். சுவருக்குப் போர்டு அடிக்கிறவர் வந்து பார்த்து, பழைய சுவரைத் தொடாமல் தள்ளித் தனிச் சட்டம் நிறுத்தினால்தான் நன்றாக அடங்கும் என்றார். அதற்கு நம் கையில் பணமும் இல்லை, கட்டில் போட இடமும் மிஞ்சாது. எட்டியதைச் செய்தோம். அப்பா பக்கம் மட்டும் ரப்பர் பட்டை வைத்து அதன்மேல் மரச்சட்டம் அடித்து, நடுவில் கம்பளி மாதிரியான பஞ்சைத் திணித்து, முதலில் சாதாரண ஜிப்சம் போர்டு, அதன்மேல் சத்தம் தடுக்கிற கனமான போர்டு, இரண்டின் இணைப்பும் ஒரே கோட்டில் வராதபடி பொருத்தினோம். அந்தக் கனத்தைத் தூக்க ஆள் போதாமல் திணறியபோது, யாரும் கூப்பிடாமலே அப்பா வந்து நல்ல கையால் அடியில் தாங்கினார். இடுக்குகளைப் பசை பிதுக்கி அடைக்கிற வேலையைக் கூலி மிச்சம் என்று நானும் அத்தானுமே செய்தோம், என் நகத்தில் இன்னும் ஒட்டியிருக்கிறது.

எல்லாம் முடித்துப் பார்த்தால் அக்கா பேசுவது அப்படியே கேட்கிறது. போர்டுக்காரர், இவ்வளவுதான் முடியும் என்று சாமான்களைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். நான் சுவர் நெடுகக் காதை வைத்துக்கொண்டே போனேன். இரண்டு அறை சுவிட்ச் பெட்டியும் முதுகோடு முதுகாக இருக்கிறது, சத்தம் அந்த வழியாக வருகிறது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அப்பா பக்கத்துப் பெட்டியை வேறு சுவருக்கு மாற்றி, ஓட்டையை அடைத்து, கதவடியிலும் ரப்பர் ஒட்டினோம்.

அப்பா என்னை அக்கா அறைக்குப் போகச் சொல்லிக் கை காட்டிவிட்டுக் கதவைச் சாத்தினார். போய் நின்றேன். அடுத்த தெருவில் யாரோ பேசுகிற மாதிரி ஒரு முணுமுணுப்பு, அவ்வளவுதான். திரும்பி வந்து, "ஒண்ணும் புரியலை, என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன். சிரித்தார், சொல்லவில்லை. மறுநாளிலிருந்து காலையில் கதவைச் சாத்திக்கொள்கிறார். உள்ளே பேசுகிறாரா, சும்மா உட்கார்ந்திருக்கிறாரா என்று யாருக்கும் தெரியாது, நானும் போய்க் கேட்கவில்லை. போன வாரம் காய் நறுக்கிக்கொண்டிருக்கிறேன், பின்னால் வந்து நின்று, "கத்தி... மொ... மொன்னை" என்றார். ஆமாம், மொன்னைதான் என்று சொல்லிவிட்டு நறுக்கிக்கொண்டே இருந்தேன். நிறுத்தித் திரும்பியிருந்தால் என் முகத்தைப் பார்த்திருப்பார். அதற்கப்புறம் தினமும் ஏதாவது ஒரு குறை சொல்கிறார், காபி ஆறிப்போச்சு, விசிறி சத்தம் போடுது என்று. சொல்லட்டும்.

நீ குளிரில் தலையை மூடிக்கொண்டு வெளியே போ. வெறும் பிரெட்டைத் தின்று நாளை ஓட்டாதே. நீ நல்ல உடம்போடும் நல்ல மனதோடும் நீண்ட நாள் இருக்க வேண்டும், அப்பாவின் ஆசியும் இதில் உண்டு. ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது ஃபோனை அவரிடம் கொடுக்கப்போகிறேன். உன் பேரைச் சொல்ல அவருக்கு நேரம் பிடிக்கும், நடுவில் சத்தமே இருக்காது. லைன் போய்விட்டது என்று வைத்துவிடாதே. பாதியில் நிற்கிற வார்த்தையை நீ எடுத்து முடித்துக் கொடுக்காதே. அவரே முடிப்பார்.

இப்படிக்கு,
அம்மா