அமாவாசை கேட்ட கம்ப்யூட்டர்

9-3-87, திங்கள்
கீழ்பென்னாத்தூர் ரோட்டில் இருக்கும் எங்கள் அரிசி மில்லுக்கு மெட்ராஸிலிருந்து கம்ப்யூட்டர் வந்திறங்கியது. பாய்லருக்குப் பக்கத்தில் அதற்குக் கண்ணாடி அறை, ஏ.சி. பதினோரு வருஷமாக நான் கேட்கும் மேசை விசிறி இன்னும் வரவில்லை.

கூடவே ஜெயந்திமாலா என்று ஒரு இன்ஜினீயர் அம்மா. பாய்லர் ஓட்டுவது பற்றி எனக்குத் தெரிந்ததையெல்லாம் கேட்டு, விதிகளாக அதற்குள் ஏற்றுவாராம். "அப்புறம் ரெண்டு ஷிப்டுக்கும் ஒரே ஆளு போதும், வேணு" என்று முதலாளி சிரித்தார்.

அந்த ஒரு ஆள் யார்? நானா, அடுத்த ஷிப்ட் மூர்த்தியா?

11-3-87
"ஏன் இப்ப உமியைக் கம்மி பண்ணீங்க?" "ஏன் அந்த வால்வைத் திருப்புனீங்க?" காலையிலிருந்து ஏன், ஏன், ஏன்.

சொல்லிட்டாப் போச்சு. அமாவாசையன்று உமி மெதுவாக எரியும் என்றேன். எழுதிக்கொண்டார். செஞ்சி பஸ் போன பிறகுதான் பாய்லர் அடியில் தங்கும் கசடுத் தண்ணீரைத் திறந்துவிடணும் என்றேன். அதையும்! மூர்த்தி வெளியே ஓடிப்போய்ச் சிரித்தான்.

14-3-87
இதுவரை இருபத்தாறு பொய்.

23-3-87
இன்று பாய்லரைக் கம்ப்யூட்டர் பொறுப்பில் விட்டுப் பார்த்தார்கள். பதினோரு மணிக்குத் தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயைப் பார்க்கிறேன் — காலி. தண்ணீர் ஏற்றும் மோட்டார் நின்றுபோயிருக்கிறது. மணி அடிக்கவேண்டிய கம்ப்யூட்டர் சும்மா இருக்கிறது. திரையில் ஒரே கேள்வி: "இன்று அமாவாசையா?" பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தது!

ஜெயந்திமாலா மோட்டார் ஸ்விட்சுக்கு ஓடினார். "தொடாதீங்க! காய்ஞ்ச பாய்லர்ல பச்சத்தண்ணி ஏறினா வெடிச்சிடும்!" கத்திக்கொண்டே உமியை நிறுத்தினேன், நெருப்பை வெளியே இழுத்தேன்.

அந்த அம்மா பாய்லர் பக்கத்துலதான் நின்னாங்க. என்னடா பண்ணிட்ட, வேணு?

24-3-87
எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். வேலை போய்விடும் என்ற பயத்தையும் சொன்னேன்.

"பாதி பொய்னு தெரியும்ங்க. எந்தப் பாதின்னுதான் தெரியல" என்றார். நோட்டைத் திறந்துகொண்டே, "தப்பு என்னோடதும்தான். ஆபத்து நேரத்துல அது யாரையும் கேள்வி கேட்டுட்டு நிக்கவே கூடாது."

2-4-87
பொய்களையெல்லாம் அடித்து நீக்கினோம். இனி கம்ப்யூட்டர் இரண்டு நொடிக்கு ஒருமுறை தண்ணீர் மட்டத்தைப் பார்க்கும். குறைந்தால் யாரையும் கேட்காமல் உமியை நிறுத்தி மணி அடிக்கும். மூர்த்திக்கும் சொல்லாத ஒன்றைச் சொன்னேன்: அந்தக் கண்ணாடிக் குழாய் அடைத்துக்கொண்டால் இல்லாத தண்ணீரை இருப்பதாகக் காட்டும்.

சோதனைக்கு நானே மோட்டாரை நிறுத்தினேன். மட்டம் கோட்டைத் தாண்டி இறங்கியதும் மணி அடித்தது, உமி நின்றது. நான் எழுந்திருக்கவே இல்லை. சந்தோஷமா, வயிற்றெரிச்சலா? ரெண்டும்தான்.

20-4-87
முதலாளி மூர்த்தியை மட்டும் வைத்துக்கொண்டார். என்னை ஜெயந்திமாலாவின் கம்பெனி எடுத்துக்கொண்டது. நாளை முதல் போளூர் மில்லில், அங்குள்ள பாய்லர்காரர் பக்கத்தில் நான் உட்காரவேண்டும்.

"அங்க என்ன வேலை?" என்றாள் வீட்டுக்காரி தங்கம்மாள்.

"கேள்வி கேக்கற வேலை."

"அதுக்குச் சம்பளமா? கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நான் சும்மாதான கேட்டுட்டிருக்கேன்!"