மூன்று படி கீழே

இன்று காலை உன் கீபோர்டின் உறையைக் கழற்றினேன். ஜிப்பை இழுத்ததும் உன் தைல வாசனை வந்தது. மேடை ஏறும் முன் விரல் கணுக்களில் தேய்த்துக்கொள்வாயே, அதே தைலம். நீ போய் ஏழு மாதம் ஆகிறது. கருப்புக் கட்டைகளின் இடுக்கில் அது இன்னும் ஒட்டியிருக்கிறது. துடைக்க எடுத்த துணியை மடித்துத் தையல் மிஷின் மேல் வைத்துவிட்டு, இதை எழுத உட்கார்ந்தேன். உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும், ஒன்று சொல்லவும் வேண்டும்.

ஆஸ்பத்திரியில் கடைசியாக உன்னைப் பார்த்த அன்று நீ பேசியது பாதிதான் புரிந்தது. "அக்கா, மெஷின நீங்களே வச்சுக்குங்க. யாருக்கும் குடுக்காதீங்க. உள்ள எதையும் மாத்தாதீங்க, அப்படியே இருக்கட்டும்" என்றாய். கீபோர்டை நாம் மெஷின் என்றுதான் சொல்வோம். மருந்து மயக்கத்தில் பேசுகிறாய் என்று நினைத்தேன். "சரிலா, நீ தூங்கு" என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா நான்?

காரியம் முடிந்த பிறகு உன் வீட்டுக்காரர் மெஷினைக் காரில் போட்டு இங்கே ரெம்பியாவுக்குக் கொண்டு வந்தார். என் தையல் கடையின் பின்னறையில் வைத்துவிட்டுப் போனார். இருபத்திரண்டு வருடம் நீயும் நானும் இந்த ஒரு மெஷினை வைத்துக்கொண்டு கோயில், கல்யாணம், காது குத்து என்று பாடித் திரிந்தோம். எஸ்டேட் ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி வேலை முடிந்து நீ வருவாய், கடையை அடைத்துவிட்டு நான் வருவேன். ஒவ்வொரு மேடையிலும் முதலில் அந்த ஒரு கருப்புக் கட்டையை அழுத்தி, "இந்தாங்கக்கா, ஒங்க அஞ்சரைக் கட்டை" என்பாய். அது உயரமான சுருதி, என் பெருமையே அதுதான். நான் உன் வலப்பக்கம் நின்று அந்த விரலைப் பார்த்துக்கொண்டேதான் சுருதி பிடிப்பேன்.

செலண்டார் பக்கத்து எஸ்டேட் கோயிலில் இந்த வருடமும் கூப்பிட்டார்கள். கோயில் தலைவர் வீடு தேடி வந்து கேட்டபோது முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. சேகரை ஏற்பாடு செய்தேன். உனக்குத் தெரியாதவர், பள்ளி வேன் ஓட்டுகிறார், நன்றாக வாசிப்பார். தாளம், பேஸ் எல்லாவற்றையும் லேப்டாப்பில் பதிந்து வைத்திருப்பவர். அதை மிடி ஒயரில் உன் மெஷினோடு இணைத்தபோது, ஒரு கட்டையைத் தொட்டதும் ஒலி இரண்டாக வந்தது. லேப்டாப் தாளம் ஒரு பக்கம், மெஷின் தாளம் ஒரு பக்கம் ஓடியது. மெஷினின் சொந்த ஒலியை நிறுத்த லோக்கலை ஆஃப் செய்தார், சேனல் எண்ணை மாற்றினார், ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினார்.

"அக்கா, அவங்க உள்ள என்னென்னமோ மாத்தி வச்சிருக்காங்க. எது எதுன்னு தேட முடியாதுலா. பேசாம எல்லாத்தையும் ரீசெட் பண்ணிட்டு, புதுசா செட் பண்ணிரலாம்."

"பண்ணலாமா?"

"முதல்ல ஒவ்வொரு பக்கத்தையும் போன்ல படம் எடுத்து வச்சுக்குங்க. வேணும்னா திருப்பிப் போட்டுக்கலாம்."

நான் படம் எடுத்தேன். என்ன எழுதியிருக்கிறது என்றுகூடப் பார்க்கவில்லை. அவர் பட்டனை அழுத்திக்கொண்டு நின்றார். திரை ஒரு முறை வெளிறி மறுபடி வந்தது. நீ மாற்றாதே என்றதை மாற்றிவிட்டோம் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. ஒத்திகையிலும் தொண்டையைக் காப்பாற்ற மெல்ல முனகினேனே தவிர, வாய்விட்டுப் பாடவில்லை.

திருவிழா அன்று சாயங்காலம், பூசை முடிந்து மேடை ஏறினோம். சேகர் அந்தக் கருப்புக் கட்டையை அழுத்தினார். ஆரம்பித்தேன். பல்லவியிலேயே கழுத்து நரம்பு இழுத்தது. சரணத்தில் மேலே போக வேண்டிய இடத்தில் குரல் கிழிந்தது. கிழிந்தது என்றால் கிழிந்ததுதான், காற்று மட்டும் வந்தது. மறுபடி முயன்றேன், மறுபடியும் காற்று. முன்வரிசையில் இருந்த பெண்கள் மடியைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். "பாவம், வயசாச்சுல்ல" என்று யாரோ சொன்னது மைக்கைத் தாண்டிக் கேட்டது. தொண்டை சரியில்லை என்று தலைவரிடம் சொல்லிவிட்டு இறங்கி, செருப்பைக்கூடப் போடாமல் கார் வரைக்கும் நடந்தேன்.

நீ இறந்தபோது நான் அவ்வளவு அழவில்லை. அன்று அழுதேன். உன்னோடு சேர்த்து என் குரலையும் எரித்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். யாரோ எடுத்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. கடையைப் பாதி நாள் திறக்கவில்லை. தீபாவளிக்குத் தைக்கக் கொடுத்த ரவிக்கைகளைத் திருப்பிக் கொடுத்தேன். அலோர் காஜாவில் டாக்டரைப் பார்த்தேன். தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லம்மா, வயசுதான்" என்றார். ஏழு மாதத்துக்கு முன்பு வரை இருந்த குரலுக்கு ஒரே நாளில் எப்படி வயசாகும்? யாரிடம் கேட்பது? கேட்க இருந்தவள் நீதான்.

போன வாரம் போனில் இடம் இல்லை என்று வந்தது. பழைய படங்களை அழித்துக்கொண்டு வந்தேன். அந்தத் திரைப் படங்கள் வந்தன. முதல் படத்தில், சிஸ்டம் என்ற பக்கத்தில், மாஸ்டர் டிரான்ஸ்போஸ் என்று ஒரு வரி. பக்கத்தில் மைனஸ் மூன்று. சேகரைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன்.

"மைனஸ் மூணா?" என்று அவர் திருப்பிக் கேட்டார். "அக்கா... நீங்க எந்தக் கட்டைய அமுக்கினாலும் சத்தம் மூணு படி கீழ வரும். கை பழைய இடத்துலதான் இருக்கும். பாக்குறவங்களுக்குத் தெரியாது. நீங்க அஞ்சரைன்னு பாடினது நாலு கட்டைதான்கா."

எத்தனை வருடமாக? ஜாசினில் நடந்த கல்யாணத்தில் நான் இருமி நிறுத்தினேனே, அதற்குப் பிறகா? அதற்கு அடுத்த மேடையில் குரல் தானாக ஓடியது. "என் குரல் திரும்பி வந்துருச்சு, பாத்தியாலா!" என்று உன் தோளை உலுக்கினேன். நீ தலையைத் தூக்காமல் திரையில் ஏதோ அழுத்திக்கொண்டிருந்தாய். "ஒங்க குரலுக்கு என்னக்கா, எங்க போச்சு அது" என்றாய். ஒரே நாளில் மூன்றையும் இறக்கினாயா, வருடத்துக்கு ஒன்றாக எனக்குத் தெரியாமல் இறக்கினாயா?

ஏன் சொல்லவில்லை? இதைத்தான் கேட்க வேண்டும் என்றிருந்தேன். எழுத எழுத எனக்கே பதில் தெரிகிறது. சிம்பாங் அம்பாட்டில் பாடும் ஒருத்தியைப் பற்றி, "சுருதிய எறக்கிப் பாடுறவளெல்லாம் பாடகியா?" என்று உன் காது பட எத்தனை முறை சொல்லியிருப்பேன்! நீ சிரிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. என் வாய்க்குப் பயந்து, இத்தனை வருடம் என் பொய்யை நீ வாசித்தாய். உன் மேல் கோபம் வருகிறது. அது உன்னிடம் வந்து சேர வழியில்லாமல் திரும்பி என் மேலேயே விழுகிறது. சாகும்போதுகூட என் மானத்தைத்தானே காப்பாற்றப் பார்த்தாய். அதையும் நானே பட்டன் அழுத்த விட்டுக் கெடுத்தேன்.

நேற்று மத்தியானம், வேன் ஓட்டம் முடிந்து சேகர் வந்தார். மெஷினைத் தையல் மேசையில் வைத்து, சிஸ்டம் பக்கத்துக்குப் போய், மைனஸ் மூன்றைப் போட்டார். "பாடுங்கக்கா" என்றார். கதவைச் சாத்திவிட்டுப் பாடினேன். பல்லவி வந்தது. உன் பக்கத்தில் நின்று பாடியது போலவே வந்தது. சரணத்தில் மேலே போனேன். எட்டவில்லை. இன்னொரு முறை பாடினேன். அதே இடத்தில் நின்றது. சேகர் கட்டைகளைப் பார்த்தபடி இருந்தார், அவராக எதுவும் சொல்லவில்லை. அந்த நல்ல மனுஷனும் நீ செய்ததையே செய்துவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

"இன்னும் ஒண்ணு எறக்குங்க" என்றேன். என் வாயாலேயே சொன்னேன்.

இறக்கினார். பாடினேன், வந்தது. "சேவ் பண்ணிரவாக்கா?" என்றார். தலையை ஆட்டினேன்.

சிம்பாங் அம்பாட் கோயிலில் அடுத்த வெள்ளிக்கிழமை கூப்பிட்டிருக்கிறார்கள். போவேனா என்று தெரியவில்லை. போனாலும் அந்த முன்வரிசையை எப்படிப் பார்ப்பேன் என்று தெரியவில்லை. ஆனால் உன்னிடம் சொல்ல வேண்டியது இதுதான். மூன்று வரைக்கும் நீ அறிவாய். நீ போன பிறகு இன்னொரு படி இறங்கிவிட்டது, இன்னமும் இறங்கும். அதைப் பக்கத்தில் இருந்து கவனிக்க இப்போது நான் ஒருத்திதான் இருக்கிறேன்.