சீர்வரிசையில் சோலார் கண்ணாடி

வைகாசி 3, வெள்ளி
அனல். காலையிலேயே தார் இளகிவிட்டது. இவரை மதுரைக்குக் கூட்டிப்போய் வந்தேன், கை கால் பயிற்சிக்கு. பக்கவாதம் வந்ததிலிருந்து வாரா வாரம் இதே பாடு. திரும்பும்போது மல்லாங்கிணற்றில் மருந்து வாங்க இறங்கினேன். நல்ல கூட்டம். கூரையில் சோலார் உள்ள கார், எஞ்சினை அணைத்தாலும் உள்ளே காற்றாடி ஓடும் என்ற தைரியத்தில் முதல் தடவையாக இவரைக் காரிலேயே விட்டுப் போனேன். வந்து பார்த்தால் காற்றாடி நின்றிருந்தது. இவர் கண் செருகிக் கிடந்தார். கதவைத் திறக்கக் கை எழும்பவில்லை அவருக்கு. தண்ணீர் தெளித்து எழுப்பினேன்.

நாளை முதல் வேலை, வண்டியை மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

4, சனி
வாங்க: கோதுமை ரவை, இவருக்குப் பனியன், கடைச் சாவிக்கு டூப்ளிகேட்.
மெக்கானிக் ரசாக், கூரைக் கண்ணாடியின் ஓரத்தைப் பிரித்துக் காட்டினார். "அக்கா, இது ஒடஞ்ச பேனலு. பசை ஊத்தி ஒட்டி, மேல கறுப்பு ஸ்டிக்கர் போட்டு மறைச்சிருக்காக. உங்க வண்டியோட வந்தது இல்ல இது."
புரிந்துவிட்டது. கொழுந்தனும் நாங்களும் ஒரே நாளில் வாங்கிய ஒரே மாதிரிக் கார்கள். ஐப்பசி மழையில் புளியங்கொப்பு விழுந்தது அவர் கார்மேல். இவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, "வண்டி சும்மா நிக்க வேணாம் மதினி, நான் பாத்துக்கிறேன்" என்று சாவியை வாங்கிப் போனவர். பார்த்துக்கொண்டார்!
போனில் கேட்டேன். "வெயிலுக்குக் கெட்டுப்போயிருக்கும் மதினி. என்னோடது நல்லாத்தான் ஓடுது." சிரிப்பு வேறு.
புதுக் கண்ணாடிக்குச் சொல்லியாயிற்று.

5, ஞாயிறு
இவரிடம் சொன்னேன். வாய் குழறி, "விடு... தம்பிதான."
விட மாட்டேன்.

8, புதன்
புதுசு மாட்டியாயிற்று. காற்றாடி ஓடுகிறது. பழையதைத் தூக்கிப் போடவா என்றார் ரசாக். பத்திரமாகக் கொடுங்கள் என்றேன்.
ஞாயிறு கொழுந்தனின் புது வீட்டுப் பால்காய்ப்பு, திருச்சுழியில். முதல் சீர் அண்ணன் வீட்டுச் சீர். மறக்காமல்: வெற்றிலை, பழம், ரோசா மாலை, பட்டுத்துண்டு.

12, ஞாயிறு
மேளத்தோடு போனோம். தட்டுகளுக்குப் பின்னால், பட்டுப் போர்த்தி மாலை போட்ட உடைந்த கண்ணாடி. ரசாக்கும் இன்னொருவரும் தூக்கி வந்தார்கள். பந்தலில் சொந்தம் முழுக்க.
"என்னத்தா இது?" பெரிய மாமா.
பட்டுத்துண்டை உருவினேன். "தம்பி காரோட கூரைக் கண்ணாடி மாமா. இவுக ஆஸ்பத்திரில கெடந்தப்ப எங்க வண்டில மாட்டிட்டு, எங்களோடத எடுத்துக்கிட்டாக. அவுக பொருள் அவுககிட்ட இருக்கட்டும்."
மேளம் நின்றது. கொழுந்தன் தரையைப் பார்த்தார். அவர் மனைவி மட்டும், "அய்யோ, எனக்குத் தெரியாதுக்கா." தெரிந்திருக்காது. பாவம்தான். ஆனாலும் இனித்தது.
இவர் வழியெல்லாம் என் முகத்தைப் பார்க்கவில்லை.

14, செவ்வாய்
காற்று இல்லை. மதியம் கொழுந்தன் வந்தார், தனியாக. அவர் கார்க் கூரையில் தார்ப்பாய் கட்டியிருந்தது. கையில் எங்கள் கண்ணாடி.
"எல்லாரும் காறித் துப்புறாக மதினி. இத வாங்கிக்கங்க. அண்ணன ஒரு தடவ பாத்துட்டுப் போறேன்."
"வாசல்ல வச்சிருங்க."
வைத்தார். போகவில்லை. கண் கலங்கியிருந்தது.
உள்ளிருந்து இவர், "யாரு... தம்பியா?"
"கூரியர்க்காரன்" என்றேன். கதவைச் சாத்தினேன்.