சகலன் கொண்டுவந்த மிஷின்

ஓகஸ்ட் 24, ஞாயிறு. இரவு.

காதுக்குள் இன்னும் இரைகிறது. மனைவியின் தங்கை புருசன், என் சகலன், கட்டாரிலிருந்து லீவில் வந்திருக்கிறான். இலை ஊதித் தள்ளும் மிஷின் ஒன்றையும் கொண்டுவந்திருக்கிறான். இன்று வெயில் ஏறும் நேரம் அதை முடுக்கிவிட்டான். கோழிகளெல்லாம் கூரையில் ஏறிவிட்டன.

கலியாணம் கட்டி மனைவியின் தாய்வீட்டு வளவுக்கு வந்த நாளிலிருந்து பலா இலை கூட்டுவது நான்தான். மாமி ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. இன்று கதிரை போட்டு உட்கார்ந்து பார்த்தார். "என்ன கெட்டித்தனம் மகன்!" என்று அவனுக்குப் பால் கோப்பியும் ஊற்றிக் கொடுத்தார்.

அந்தக் கெட்டிக்காரன் ஊதிய ஊதலில், பாயில் காயவைத்திருந்த அவித்த நெல் முற்றமெல்லாம் பறந்து இலையோடு கலந்துபோனது. மாமி கோபிக்கவே இல்லை. போன மாதம் என் சைக்கிள் சில்லு அதே பாயின் ஓரத்தில் ஏறியதற்கு இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. இன்று சிரித்துக்கொண்டே ஈர்க்குமாற்றை என்னிடம் நீட்டினார்.

"இதக் கொஞ்சம் கூட்டி அள்ளித் தாங்க மகன். அவர் வந்து போற ஆள். நீங்க நம்மட புள்ளதானே."

குனிந்து குனிந்து நெல்லுக்குள் கிடந்த இலையைப் பொறுக்கினேன். அவன் கோப்பியை ஊதி ஊதிக் குடித்தான்.

அவன் குளிக்கப் போன நேரம் மிஷினைத் தூக்கிப் பார்த்தேன். பாரமே இல்லை. அதுதான் கூட எரிச்சல்.

நம்மட புள்ளையாம். ஒரு நாளைக்காவது இந்த வீட்டுக்கு நானும் வந்து போற ஆளாக இருக்கவேண்டும். பால் கோப்பி. சீனி கொஞ்சம் தூக்கலாக.