இத்தாவில் எடுத்த ஸ்கேன்

மதுரை
12.8.2003

அன்பு மகன் முகமது ஆசிப்புக்கு அம்மா சலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ் கிருபையால் இங்கே மூச்சோடு இருக்கிறோம், ரியாத்தில் நீயும் நல்லபடி இருக்க துஆச் செய்கிறேன்.

தம்பி, போனில் சொன்னால் பதறுவாய் என்று உன் பெஞ்சாதி ஷிபாவை நான்தான் சொல்லவிடவில்லை. உன் அத்தா மவுத்தான அன்று, நாலு மாதம் பத்து நாள் இத்தா இருக்க உள்ளறையில் உட்கார்ந்த நான், தொழ எழுந்ததைத் தவிர சுவரோரத்தை விட்டு நகரவில்லை. வீட்டுக்குள் நடப்பதை யாரும் தடுக்கவில்லை, எனக்குத்தான் எங்கே போக என்று இருந்தது. இடது கால் வீங்கியது, பிறகு மூச்சு முட்டியது, நெஞ்சில் குத்தல். பார்க்க வந்த பெண்கள் மவுத்து வீட்டில் அப்படித்தான் இருக்கும் என்றார்கள். நானும் அவருக்காக இம்புட்டாவது வலிக்கட்டும் என்று பேசாமல் இருந்தேன். ஷிபாதான், துக்கம்னா ரெண்டு காலுமுல்ல வீங்கணும் மாமி, ஒத்தக் காலுக்கு மட்டும் என்ன தனித் துக்கம் என்று என்னை மடக்கினாள். இத்தா முடியாமல் வாசல் தாண்ட மாட்டேன் என்று நான் பிடிவாதம். உன் சின்னத்தா ஜமீல் பள்ளிவாசலுக்குப் போய் ஹஜ்ரத்தைக் கேட்டு வந்து, உசுருக்குன்னா தாராளமாப் போகலாமாம் மதினி, கெளம்புங்க என்றார். ஆட்டோவுக்கு இரண்டு பக்கமும் சேலை கட்டி மறைத்துக் கூட்டிப்போனார்கள்.

காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போயிருக்குமோ என்று சந்தேகப்பட்டு டாக்டரம்மா ஸ்கேன் எடுக்கச் சொன்னார். முகத்தில் மாஸ்க் வைத்து மூச்சை இழுக்கச் சொன்னார்கள், கையில் ஊசி போட்டார்கள், பெரிய கேமரா மாதிரி ஒன்று நெஞ்சுக்கு மேலே வந்து நின்றது. வலி இல்லை. அசையாமல் படுத்திருக்கும்போது அத்தாவைச் சந்தூக்கில் வைத்துத் தூக்கிப் போனதுதான் நினைப்பில் வந்தது. பிறகு டாக்டரம்மா படத்தைக் காட்டி, காத்து போற எடத்துக்கெல்லாம் ரத்தம் போகல பாருங்கம்மா என்றார். நுரையீரலில் அங்கங்கே துண்டு காணாமல் கிடந்தது. அவர் போன துக்கம் என்று நான் பொறுத்துக்கொண்டிருந்தது ரத்தக்கட்டியாம். இன்னும் தாமதித்திருந்தால் கஷ்டம் என்று ஷிபாவிடம் தனியே சொன்னாராம்.

அங்கேயே படுக்க வைத்து ஊசி போட்டார்கள், இப்போது வீட்டில் மாத்திரை. ஷிபா என்னை உள்ளறைக்கும் அடுப்படிக்கும் விரட்டி நடக்க வைக்கிறாள். நீயும் காவல் வேலையில் ஒரே நாற்காலியில் கிடக்காதே. லீவு கிடைத்து வரும்போது பிளேனில் எழுந்து நட. வந்ததும் முதலில் அத்தா கபுருக்குப் போ, பிறகு வீட்டுக்கு வா. மண் எடுத்துப் போடத்தான் உனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும். ஒன்றை மறந்துவிடாதே. போன மாதம் போனில் நான் மூச்சு வாங்கியதைக் கேட்டு, அழாதீங்கம்மா என்று சொல்லி வைத்துவிட்டாய். அது அழுகை இல்லை தம்பி, அப்போது அழக்கூட மூச்சு பத்தவில்லை. இப்போதுதான் அழுகிறேன். இனிமேல் கேட்டால் அது அழுகைதான், பயப்படாமல், போனை வைக்காமல் கேட்டுக்கொண்டிரு.

உன் அம்மா
சபியா