உங்கள் மீட்டரில் ஒரு கிலோமீட்டர்

மாமா,

இன்று காலை உங்கள் மொபெட்டைப் படப்பையில் மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டிவிட்டு, மூன்று தரம் உதைத்தார். பெட்ரோலும் ஆயிலும் சேர்ந்து எரிகிற அந்த நீலப் புகை என் முகத்துக்கு நேராக வந்தது. ஏறக்குறைய ஒரு வருடம் என் முதுகுக்குப் பின்னாலேயே வந்த வாசனை. செருப்புக் காலோடு நின்றிருந்தேன். ஆனாலும் கால் ஓடத்தான் பார்த்தது.

"மீட்டரு தப்பா காட்டுதும்மா. வேற ஏதோ வண்டியோடத மாட்டிகீறாங்க. மாத்திடட்டா?" என்றார் மெக்கானிக்.

"வேணாம்ணா, இருக்கட்டும்."

"தப்பு மீட்டர வெச்சினு இன்னா பண்ணப் போற?"

என்னிடம் பதில் இருந்தது. ஆனால் நீளமானது. கடையில் இன்னும் நாலு வண்டிகள் காத்திருந்தன. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

போன பொங்கலுக்கு முந்தைய பொங்கல். மறு போகிக்குள் ஆயிரம் கிலோமீட்டர் ஓட வேண்டும் என்று உங்கள் மகனிடம் சொன்னேன். அவருக்கு ஆட்சேபணை இல்லை. விடியாத நேரத்தில் மணிமங்கலம் ஏரிக்கரையில் நாய்களுக்கு நடுவே யார் துணைக்கு வருவது என்பதுதான் அவர் கவலை. வாரம் ஒரு ஷிப்ட் மாறுகிறவர் அவர். அத்தைக்கு வேறு கவலை. "கல்யாணம் ஆன பொண்ணு இன்னாத்துக்கு ரோட்ல ஓடணும்? ஓடறதுக்கு நம்மள யாரு தொரத்தறாங்க?" என்றார். நீங்கள் தட்டிலிருந்து நிமிரவே இல்லை. பேச்சு அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் ஐந்து மணிக்கு ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தால், தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு மொபெட்டில் உட்கார்ந்திருந்தீர்கள்.

"பாசஞ்சர் ரெடியா?"

நான் தலையாட்டினேன். "ரைட்!" என்று நீங்களே குரல் கொடுத்து வண்டியைக் கிளப்பினீர்கள். கம்பெனி பஸ்ஸில் கண்டக்டர் ஏது, இத்தனை வருசமும் நானே ஓட்டி நானே ரைட் சொல்லிப் பழகிப்போச்சு என்றீர்கள்.

வேலையை விட்டு வந்தபோது எழுதாத ட்ரிப் ஷீட் கட்டு ஒன்றும் உங்களோடு வந்திருந்தது. அதைத்தான் எடுத்தீர்கள். புறப்பட்ட நேரம், வந்த நேரம், தொடக்கக் கிலோமீட்டர், முடிவுக் கிலோமீட்டர், குறிப்பு. ஒரகடத்துக்கு ஆள் ஏற்றிப்போன பஸ்ஸுக்கு எழுதிய அதே கையெழுத்தில் என் ஓட்டத்தை எழுதினீர்கள். குறிப்புக் கட்டத்தை எழுத உங்களுக்குத் தனி ஆசை. "நாய் இரண்டு." "பனி அதிகம், லாரி தெரியவில்லை." "பாசஞ்சருக்குக் கால் வலி." எப்போதாவது, "நல்ல ஓட்டம்."

தூரத்தையும் நீங்கள்தான் அளந்தீர்கள். வீட்டு வாசலிலிருந்து கிளம்பி, மீட்டரில் இரண்டரை காட்டிய இடத்தில், ஏரிக்கரையின் ஒரு பனைமரத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டீர்கள். போய்த் திரும்பினால் ஐந்து. வாரத்துக்கு நாலு நாள் ஓடினால் வருடத்துக்குள் ஆயிரம் வந்துவிடும். போனில் அளக்கிற வசதி உண்டு என்று நான் இழுத்தபோது, "கண்ணு ஏமாத்தும், போனு ஏமாத்தும். மீட்டரு ஏமாத்தாதும்மா" என்றீர்கள். நான் விட்டுவிட்டேன். போனைச் சுமந்துகொண்டு ஓட எனக்கும் பிடிக்கவில்லை.

முதல் மாதம் டீக்கடையில் ஒரே பேச்சு. "இன்னா நைனா, மருமவள வண்டி வெச்சித் தொரத்தினு போற?" என்று ஒருவர் கத்தினார். எனக்கு முகம் சூடானது. நீங்கள் வேகத்தைக் குறைக்காமலே பதில் சொன்னீர்கள்: "கம்பெனி பஸ்ஸ வுட்டுட்டா. அதான் ஒரகடம் வரைக்கும் ஓட்டினு போறேன். நீ வர்றியா, பின்னாடி எடம் கீது!" கடையே சிரித்தது. மறுநாளிலிருந்து யாரும் எதுவும் கேட்கவில்லை. மாமனார் பின்னால் வருகிற ஒரு பெண்ணைப் பற்றிப் பேச ஊருக்கு ஒன்றுமில்லை என்பது உங்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. அதற்காகத்தான் வந்தீர்கள் என்று எனக்குப் புரிய இரண்டு மாதம் ஆனது. நன்றி சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. எனக்கு வாய்விட்டுச் சொல்லி வராது. அதுவும் உங்களுக்குத் தெரியும்.

ஏன் ஆயிரம் என்று நீங்கள் கேட்கவே இல்லை. இப்போது சொல்கிறேன். கம்பெனியில் நான் வேலை செய்யும் லைனில் ஒரு பலகை தொங்குகிறது. நாங்கள் கட்டி முடிக்கிற ஒவ்வொரு ஒயர் கட்டுக்கும் அதில் ஒரு எண் கூடும். ஷிப்ட் முடிகிறபோது முந்நூறு, முந்நூற்றைம்பது என்று நிற்கும். அடுத்த ஷிப்ட்டின் மணி அடித்ததும் பூஜ்யம். ஆறு வருடங்களாக நான் கூட்டுகிறேன், அது அழிகிறது. அழியாமல் ஏறிக்கொண்டே போகிற ஒரே ஒரு எண் எனக்கென்று வேண்டும் என்று தோன்றியது. அவ்வளவுதான். உங்கள் ட்ரிப் ஷீட்டில் அது ஏறிக்கொண்டே போனது.

ஐப்பசி மழையில் நூற்று எழுபத்திரண்டாவது ட்ரிப். எண்ணூற்று அறுபது கிலோமீட்டர். "மழை. பாசஞ்சர் நிற்கவில்லை" என்று எழுதினீர்கள். அடுத்த நாள் ஓட்டம் இல்லை. மதியம் சாப்பிட்டுப் படுத்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போன ஆட்டோவில் என் கையைத்தான் பிடித்திருந்தீர்கள். வீட்டுக்குத் திரும்பி வரவில்லை.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு உங்கள் மகன் எனக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கி வந்தார். ஓடுகிற தூரத்தைக் காட்டுகிற வகை. "நைட் ஷிப்ட்டு வாரத்துல என்னால கூட வர முடியாது. இதயாவது கட்டினு போ," என்றார். உங்கள் கணக்கில் இன்னும் இருபத்தெட்டு ட்ரிப்தான் பாக்கி. போகிக்கு அன்றையும் சேர்த்து நாற்பத்தைந்து நாட்கள் இருந்தன. நிதானமாக ஓடினாலே போதும்.

பனைமரத்துக் கோட்டைத் தொட்டுத் திரும்பி வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்த்தேன். நாலரை.

கடிகாரம்தான் தப்பு என்றேன். வேலை முடிந்து வந்த உங்கள் மகன், சாப்பிடக்கூட உட்காராமல் தன் பைக்கில் போய் அளந்துவிட்டு வந்தார். வாசலில் வண்டியை நிறுத்தினார். பைக்கிலும் நாலரைதான் என்று முகத்திலிருந்தே தெரிந்துவிட்டது.

அத்தைதான் உள்ளேயிருந்து சொன்னார். "போன வருசம் பாலத்தாண்ட வுழுந்தாரு இல்ல, அப்ப மாத்தின மீட்டரு அது. மாத்தினதுல இருந்து வண்டி மைலேஜ் ஏறிடுச்சுன்னு தெருவெல்லாம் சொல்லினு திரிஞ்சாரே!"

ஆமாம் மாமா. எனக்கும் சொல்லியிருக்கிறீர்கள். முப்பது வருடம் பஸ் ஓட்டியவர் நீங்கள். மைலேஜ் திடீரென்று ஏறினால் மீட்டரைச் சந்தேகப்பட வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றவில்லை. வண்டியை நினைத்துப் பெருமைப்பட்டிருக்கிறீர்கள். எங்களுக்குச் சிரிப்பு வந்தது. நீங்கள் போன பிறகு நம் வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு.

ஆனால் சிரித்து முடித்ததும் உங்கள் மேல் கோபம் வந்தது. எண்ணூற்று அறுபது இல்லை, எழுநூற்று எழுபத்து நாலு. எண்பத்தாறு கிலோமீட்டர் ஒரே காலையில் அழிந்துபோனது, அந்தப் பலகையில் அழிவதுபோல. பாக்கி இருநூற்று இருபத்தாறு. நாளுக்கு ஒரு ட்ரிப் ஓடினாலும் போகிக்குள் முடியாது.

"அப்பா போட்ட கணக்கே இருக்கட்டுமே. யாருக்குத் தெரியப் போவுது?" என்றார் உங்கள் மகன்.

"எனக்குத் தெரியுமே."

அவர் பைக் சாவியைச் சட்டைப்பையில் போட்டார். "அப்ப ஓடு. இந்தக் கோட்ட கொஞ்சம் தள்ளிப் போட்டுட்டா அஞ்சு வந்துடும்."

அதற்கு மனம் வரவில்லை. உங்கள் கோடு உங்கள் கோடாகவே இருக்கட்டும், ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு தரம் ஓடிக்கொள்கிறேன் என்றேன்.

அந்த நாற்பத்து நாலு நாட்களை நான் மட்டும் ஓடவில்லை. ஓட்டத்தைப் பார்த்து முகம் சுளித்த அத்தை, "சோத்த நான் பாத்துக்கிறேன், நீ கெளம்பு" என்று அடுப்பைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டார். நைட் ஷிப்ட் இல்லாத வாரங்களில் உங்கள் மகன் பைக்கில் பின்னால் வந்தார். அவருக்கு ரைட் சொல்லத் தெரியவில்லை. ஹாரன் அடித்தார், தெரு எழுந்துகொண்டது. மாதக் கடைசியில் ஓவர்டைம் வேண்டாம் என்று முதல் தடவையாக நான் சொன்னபோது, "வூட்ல விசேஷமாம்மா?" என்றார் சூப்பர்வைசர். ஆமாம் சார் என்றேன். பொய்யில்லை.

மார்கழியில் தெருவெல்லாம் கோலம். மிதிக்காமல் ஓட வேண்டும். நம் வாசல் மட்டும் வெறுமையாக இருக்கும். திரும்பி வரும்போது இருட்டில் வீட்டை அதை வைத்தே அடையாளம் கண்டுகொண்டேன்.

போகிக்கு முந்தின நாளோடு ஐம்பது ட்ரிப் முடிந்தது. மொத்தம் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று ஒன்பது. மீதி ஒன்றே ஒன்று.

போகி விடியற்காலை உங்கள் மகன் பைக்கை எடுக்கவில்லை. சுவரோரம் சாக்குப் போர்த்தி வைத்திருந்த உங்கள் மொபெட்டை வெளியே தள்ளி வந்தார். உதைத்தார், உதைத்தார், வியர்த்துவிட்டது. கிளம்பியதும் உள்ளேயிருந்து அத்தை வந்து பின்னால் ஏறி உட்கார்ந்தார். துக்கம் நடந்த நாளிலிருந்து அவர் வாசல் தாண்டவில்லை. மூன்று மாதம் தாண்டக்கூடாது என்பது நம் பக்கத்து வழக்கம். இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

பழைய பாயைக் கொளுத்திக்கொண்டிருந்த எதிர்வீட்டு அக்கா அத்தையைப் பார்த்துக் கேட்டார். "இன்னாக்கா, அதுக்குள்ள வெளிய கெளம்பிட்ட?"

"அவரு செஞ்சினு இருந்த வேலடி. பாதில வுட்டுட்டுப் போயிட்டாரு" என்றார் அத்தை. பிறகு மகனின் தோளுக்கு மேலாக எட்டி மீட்டரைப் பார்த்தபடி, தயங்கி, மெதுவாகச் சொன்னார். "ரைட்."

ஓடினேன். புகை கண்ணைக் கரித்தது. அழுதேனா என்று கேட்டால் புகை என்றுதான் சொல்வேன். கோயில் மதிலைத் தாண்டி, பால் பூத்தைத் தாண்டி, டீக்கடையில் யாரோ எழுந்து நின்றதைத் தாண்டி. பின்னால் உங்கள் வண்டியின் சத்தம், உங்கள் வண்டியின் வாசனை. திரும்பிப் பார்க்காதவரை நீங்கள் வந்துகொண்டுதான் இருந்தீர்கள்.

"ஒண்ணு வந்துச்சு! நில்லும்மா, நில்லு!" அத்தையின் குரல்.

நின்றேன். கடிகாரத்தைப் பார்த்தேன். உங்கள் மகனும் எட்டிப் பார்த்தார்.

"இன்னும் நூறு மீட்டர் கீது. அந்த டிரான்ஸ்பார்மர் வரைக்கும் ஓடிடு, முடிஞ்சிடும்."

"மீட்டரு சொல்லிடுச்சு இல்ல?" என்றார் அத்தை. "அவரு இருந்தா இங்கதான் நிறுத்தியிருப்பாரு." சொல்லிவிட்டு வண்டியிலிருந்து இறங்கி, முந்தானையால் என் முகத்தைத் துடைத்தார்.

டிரான்ஸ்பார்மர் கண்ணுக்கு எதிரே நின்றது. அரை நிமிட ஓட்டம். எண்பத்தாறு கிலோமீட்டரை விட்டுக்கொடுக்காத நான் அந்த நூறு மீட்டரை ஓடவில்லை. மூவருமாக வண்டியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு நடந்தோம். ட்ரிப் ஷீட்டில் இருநூற்று இருபத்து மூன்றாவது வரியை நான் எழுதினேன். முந்தைய வரிகளில் நீங்கள் எழுதிய ஐந்துகள் எதையும் திருத்தவில்லை. குறிப்புக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று கேட்டேன். "பாசஞ்சர் மூணுன்னு எழுது" என்றார் அத்தை.

இப்போதும் ஓடுகிறேன் மாமா. பால் பூத்தைத் தாண்டி, அத்தை நிற்கச் சொன்ன அந்த இடம் வந்ததும் ஓட்டத்தை நிறுத்திவிடுவேன். டிரான்ஸ்பார்மர் வரைக்கும் நடந்துபோய், அங்கிருந்து மறுபடி ஓடுவேன். கால் வலியா என்று டீக்கடையில் கேட்கிறார்கள். இல்லை என்கிறேன். அந்த நூறு மீட்டரை மட்டும் இன்னும் ஓடி முடிக்கவில்லை.