மூன்றாவது தடவை

என் வாயாடிக்கு,

நேரில் சொன்னால் குறுக்கே நானே பேசிவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

இன்று விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில், ரேடியோவில் ஒரு விமானி. எந்த ஊர்க்காரரோ, பாதி வார்த்தையை விழுங்கினார். எத்தனை அடி உயரத்தில் வருகிறார் என்று மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் கோபப்படாமல் சொன்னார், பத்திரமாக இறங்கினார். இருபது வருடமாக எத்தனையோ ஊர் உச்சரிப்பைக் கேட்டாயிற்று. புரியாததை நாமாக ஊகிக்கக் கூடாது என்பதுதான் எங்கள் முதல் பாடம்.

அந்தப் பக்கவாதத்துக்குப் பிறகு, ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நேற்றுதான் நீயாக வாயைத் திறந்தாய். "ஜ... ஜன்..." என்று குழறினாய். "ஜன்னலைச் சாத்தணுமா?" என்று எழுந்து, பாதி திறந்திருந்ததைச் சாத்திவிட்டேன். "ஆமா" என்றாய். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய்.

காலையில் பார்த்தால் ஜன்னல் முழுசாகத் திறந்திருந்தது. அந்த இறுகிய கொக்கியை ஒற்றைக் கையால் எப்படித்தான் திறந்தாயோ!

நாளை எனக்கு லீவு. நீ சொல்லி முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். புரியாவிட்டால், "இன்னொரு தடவை சொல்லும்மா" என்பேன். பத்துத் தடவை ஆனாலும் ஆகட்டும். விமானத்துக்காவது எரிபொருள் தீரும். நமக்கு என்ன அவசரம்?

உன்
அவசரக்குடுக்கை